வர வேண்டிய பாக்கி: ஓய்வு பெற்ற நடத்துநரின் நாட்குறிப்பு

4 செப்டம்பர் 2023, திங்கள்

தொழிலாளர் நீதிமன்றத்தில் இன்றும் வாய்தா. எதிர்வாதம் தாக்கல் செய்ய, நாங்கள் வேலை பார்த்த அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் தரப்பு மறுபடி அவகாசம் கேட்டது. "மனுதாரர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள், தயவுசெய்து கடைசி வாய்ப்பு என்று பதிவு செய்யுங்கள்" என்று எங்கள் வக்கீல் கேட்டார். அப்படியே பதிவானது.

நாங்கள் கேட்பது மூன்றுதான். சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானபின் பழைய தேதியிலிருந்து வர வேண்டிய வித்தியாசம். டிஏ (அகவிலைப்படி) உயர்ந்த தேதிக்கும் அதைச் சம்பளத்தில் சேர்த்த தேதிக்கும் நடுவில் விட்டுப்போன மாதங்களின் தொகை. எடுக்காமல் சேர்த்து வைத்த லீவுக்கான பணம். எதுவும் புதுச் சலுகை இல்லை. ஓடி முடித்த டியூட்டிக்கான கூலி.

27 செப்டம்பர் 2023, புதன்

ஓய்வு பெற்ற நண்பர்கள் பலர் கேட்கிறார்கள்: "ஏன் தொழிலாளர் நீதிமன்றம்? நேரே ஒத்தக்கடைக்குப் போய் ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ரிட் மனு போட்டிருக்கலாமே?" ஒரே பதிலாக இங்கே எழுதி வைக்கிறேன்.

ரிட் போட்டால், "தொழில் தகராறு சட்டத்தில் வழி இருக்கிறது, அங்கே போகட்டும்" என்று கழகம் சொல்லும். அந்தச் சட்டத்தின் 33சி(2) பிரிவில், வர வேண்டிய பணத்தைக் கணக்கிட்டுத் தரக் கேட்கும் சி.பி. (கிளெய்ம் பெட்டிஷன்) போட்டால், "இந்தப் பணம் இவர்களுக்கு உரியதா என்பதே தகராறு, இந்த நீதிமன்றம் கணக்குப் போடலாமே தவிர உரிமையை முடிவு செய்ய முடியாது" என்று சொல்லும். இரண்டுக்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. 1995-இல் டெல்லி மாநகராட்சி வழக்கில் சொன்னதும் இதுதான்: உரிமை முன்பே உறுதியாகியிருந்தால்தான் 33சி(2).

ஆகவே உரிமை எங்கே உறுதியானது என்பதைக் காட்டுவதுதான் வழக்கின் உயிர். எங்களிடம் 12(3) ஒப்பந்தம் இருக்கிறது. தொழிலாளர் துறை முன்னிலையில் நிர்வாகமே கையெழுத்துப் போட்டது. அதற்குமேல் என்ன உரிமை வேண்டும்?

காலக்கெடு விஷயமும் உண்டு. ரிட் வழியில் தாமதமாகப் போனால், மனுப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவை மட்டும் கிடைக்கும் ஆபத்து இருக்கிறது. 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அளவைத்தான் வைத்தது. 33சி(2)-க்கு அப்படிக் காலவரம்பு இல்லை. எங்கள் பாக்கி பழையது. அதனால்தான் இந்த வழி.

15 அக்டோபர் 2023, ஞாயிறு

முழுநாளும் கணக்கு. எங்கள் கிளையில் டெக்னீஷியனாக இருந்த தம்பி லேப்டாப்போடு வந்துவிட்டார். மாதத்துக்கு ஒரு வரிசை: அடிப்படைச் சம்பளம், டிஏ விழுக்காடு, கொடுத்தது, கொடுத்திருக்க வேண்டியது, வித்தியாசம். வருட இன்கிரிமென்ட் விழும் மாதத்தில் எல்லாம் மாறும். ஓட்டுநர் அண்ணன் ஒருவருக்குப் பழைய தண்டனையில் இன்கிரிமென்ட் தள்ளிப்போயிருந்தது. அவர் கணக்கைத் தனியாகப் போட வேண்டியிருந்தது. பே ஸ்லிப் இல்லாத மாதங்களுக்குச் சம்பளப் பட்டியலைக் கழகம் தாக்கல் செய்ய வேண்டுமென்று ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு) போடச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.

பலருக்குத் தெரியாத ஒன்று: சம்பள வித்தியாசம் வந்தால் கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) கூடும். கடைசியாக வாங்கிய அடிப்படையும் டிஏவும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆலும் சர்வீஸ் வருடங்களாலும் பெருக்குவதுதான் கணக்கு. 39,000 ரூபாய் என்று வைத்து 30 வருடத்துக்குப் போட்டால் 6,75,000. ஒப்பந்தப்படி 41,600 ஆகியிருக்க வேண்டுமென்றால் 7,20,000. மாதம் 2,600 ரூபாய் வித்தியாசம், கிராஜுவிட்டியில் மட்டும் 45,000 ஆகிறது. இதை சி.பி.யில் சேர்க்க முடியாது. 1972-ஆம் வருட கிராஜுவிட்டிச் சட்டத்தின்படி தொழிலாளர் துறையில் இருக்கும் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் தனி மனு. ஓய்வு பெற்று 30 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வட்டியும் உண்டு. வட்டி கேட்காமல் விட்டவர்கள் நிறைய. கேளுங்கள்.

17 டிசம்பர் 2023, ஞாயிறு

ஓய்வூதியர் தினம். 1982-இல் இதே நாளில்தான் நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் முதலாளியின் தயவால் வரும் கொடை அல்ல, செய்த வேலைக்கான உரிமை என்றது. 2013-இல் ஜார்கண்ட் வழக்கில் இன்னும் ஒருபடி மேலே போய், அது அரசியலமைப்பின் 300ஏ பிரிவு காக்கும் சொத்து என்றது. எங்கள் கூட்டத்தில் இரண்டையும் வாசித்தோம். 2015 நவம்பருக்குப் பிறகு போக்குவரத்து ஓய்வூதியருக்கு டிஏ உயர்வு நின்றுபோனதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அரசு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவருக்கு ஏறுகிறது, பக்கத்து வீட்டில் பஸ் ஓட்டிய மனிதருக்கு ஏறவில்லை. மருந்துக் கடைக்காரர் இருவருக்கும் ஒரே விலைதான் போடுகிறார்.

தெற்கே பெருமழை என்று மாலையில் போன்கள் வர ஆரம்பித்தன.

27 டிசம்பர் 2023, புதன்

ஸ்ரீவைகுண்டம் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்ட ஓட்டுநர் அண்ணன் இன்றுதான் லைனில் கிடைத்தார். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். உயிர் தப்பியதே பெரிசு. பேசி முடிக்கிற நேரத்தில், தயங்கித் தயங்கி, "தம்பி, டிரங்குப் பெட்டியில இருந்த பேப்பர் எல்லாம் கூழாப் போச்சு. நம்ம கேஸுக்கு ஏதும் ஆகாதுல்ல?" என்று கேட்டார். வீடு போன மனிதர் கேட்ட கேள்வி இது.

ஆகாது அண்ணே. உங்கள் பே ஸ்லிப், ஓய்வு உத்தரவு எல்லாவற்றின் நகலும் டெக்னீஷியன் தம்பியிடம் ஸ்கேன் ஆகி இருக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களும் ஒரு நகலை வீட்டுக்கு வெளியே, பிள்ளைகளின் போனிலாவது வைத்துவிடுங்கள்.

9 ஜனவரி 2024, செவ்வாய்

தொழிற்சங்கங்களின் வேலைநிறுத்தம் தொடங்கியது. கோரிக்கைகளில் ஓய்வூதியரின் டிஏவும் ஒன்று. வேலையில் இருக்கும் பிள்ளைகள் சம்பளத்தை இழந்து எங்களுக்காகவும் நிற்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் கையைப் பிடித்து நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

2018 ஜனவரி நினைவுக்கு வந்தது. அப்போதும் பொங்கலுக்கு முன்னால்தான். எட்டு நாள் வண்டிகள் நின்றன. ஓய்வு பெற்ற நீதிபதி பத்மநாபனை உயர் நீதிமன்றம் நடுவராக நியமித்த பிறகே ஓட ஆரம்பித்தன. பொங்கலுக்கு ஊர் போகிறவர்களின் கஷ்டம் எங்களுக்குத் தெரியாததல்ல. அந்தக் கூட்டத்தை ஏற்றி இறக்கியவர்களே நாங்கள்தான்.

10 ஜனவரி 2024, புதன்

உயர் நீதிமன்றத்தில் வழக்கு வந்து, 19-ஆம் தேதி வரை நிறுத்தி வைப்பதாகச் சங்கங்கள் ஒப்புக்கொண்டன. மாலையிலேயே வண்டிகள் ஓடுகின்றன.

12 மார்ச் 2024, செவ்வாய்

சாட்சிக் கூண்டில் ஏறினேன். கழக வக்கீல் ஒரு தாளைக் காட்டினார். "ஓய்வு பெற்ற அன்று, எனக்குச் சேர வேண்டியது அனைத்தும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருக்கிறது. இது உங்கள் கையெழுத்துதானே?"

"ஆமாம்யா."

"படித்துப் பார்த்துத்தானே போட்டீர்கள்?"

"படிச்சேன்யா. அதில் கையெழுத்துப் போட்டால்தான் மற்ற பேப்பர் நகரும்னு சொன்னாங்க. நான் மட்டும் இல்லை, அன்னைக்கு ஓய்வு பெற்ற எல்லாருமே போட்டோம்."

பிறகு நிதி நெருக்கடி பற்றிய கேள்விகள். டீசல் விலை, நஷ்டம், கட்டணம். எங்கள் வக்கீல் ஆட்சேபித்தார். அவர் காட்டியது 2003-இல் வந்த கபிலா ஹிங்கோரானி வழக்கு: பீகார் அரசு நிறுவனங்களில் சம்பளமே இல்லாமல் தொழிலாளிகள் செத்துக்கொண்டிருந்தபோது, நிறுவனத்தில் பணம் இல்லை என்று அரசு ஒதுங்கிவிட முடியாது என்றது உச்ச நீதிமன்றம். மக்களுக்காக நஷ்டத்தில் வண்டி ஓட்டுவது நல்ல காரியம். மலைக்கிராமத்துக்கு நாலு பேரோடு போய் வந்த டிரிப்பை நான் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை. ஆனால் அந்த நஷ்டத்தை நடத்துநரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாக எந்த ஒப்பந்தத்திலும் இல்லை.

5 ஜூன் 2024, புதன்

எங்களில் மூத்த ஓட்டுநர் போய்விட்டார். சர்க்கரையும் சிறுநீரகமும். மாலை போட்டுவிட்டு வந்த பிறகு, எப்படிச் சொல்வது என்று தெரியாமலேயே மதினியிடம் பேசினேன். வாரிசுகள் வழக்கைத் தொடரச் சட்டத்தில் இடமிருக்கிறது. தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும், எல்லாப் பிள்ளைகளும் வக்காலத்தில் கையெழுத்திட வேண்டும். "அவரு கேட்டுக்கிட்டே இருந்தாருப்பா, வாய்தா எப்பன்னு" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இந்த மனிதர் உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்கலாம். கொடுக்க முடிகிற தொகைதான் அது.

25 ஜூலை 2024, வியாழன்

உத்தரவு. சம்பள வித்தியாசமும் டிஏ நிலுவையும் எங்கள் பட்டியல்படியே ஏற்கப்பட்டன. மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். லீவுச் சம்பளம் சிலருக்கு மட்டும். லீவுக் கணக்கை ஆவணமாகக் காட்ட முடியாதவர்களுக்குத் தள்ளுபடி. அந்த லீவுக் கார்டு இருப்பது டிப்போவில். எங்களிடம் எப்படி இருக்கும்? இது எனக்கு ஆறவில்லை. அந்தப் பகுதிக்கு மட்டும் ரிட் போடலாமா என்று வக்கீல் பார்க்கிறார்.

ஸ்ரீவைகுண்டம் அண்ணனுக்கு முதல் போன். அவர் அழுதார், நானும்.

14 ஆகஸ்ட் 2024, புதன்

சான்றிட்ட நகல் கைக்கு வந்தது. கழகம் ஹைகோர்ட்டுக்குப் போனால் நம்மைக் கேட்காமல் தடை வாங்கிவிடாதிருக்க, மதுரைக் கிளையில் கேவியட் போட்டாயிற்று. மூன்று மாதம் முடிந்தும் பணம் வராவிட்டால், வசூல் சான்றிதழுக்கு அரசிடம் மனு. அது கிடைத்தால் வருவாய் பாக்கியைப் போல ஆட்சியர் வசூலித்துத் தரலாம். அந்த மனுவை இப்போதே தட்டச்சு செய்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

மனுதாரர்கள் எல்லோரும் இந்த ஞாயிறு, வழக்கமாகக் கூடும் இடத்தில், பேங்க் பாஸ்புக் முதல் பக்க நகலோடு வாருங்கள். மதினியின் வாரிசுச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. வெள்ளிக்கிழமை அவருடன் தாலுகா ஆபீஸ் போகிறேன்.