யார் பெயரைக் கொடுப்பது?

மூன்று சுற்று நேர்காணலும் முடிந்து, ஹெச்ஆரிடமிருந்து மெயில் வந்தது. என்னைப் பற்றியும் என் வேலையைப் பற்றியும் விசாரித்தால் சொல்லக்கூடிய இரண்டு பேரை ரெஃபரன்ஸாகக் கொடுக்க வேண்டும். பெயர், பதவி, எனக்கு எப்படிப் பழக்கம், போன் நம்பர், அலுவலக மெயில். யோசிக்கவே இல்லை. பழைய நிறுவனத்தின் இயக்குநர் பெயரை முதலில் போட்டேன். பெரிய பதவியில் இருப்பவர் சொன்னால் எடுபடும் என்ற நினைப்பு. அவரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

அவருக்கு என்னைத் தெரிந்ததே பெயரளவில்தான். "இங்கே வேலை பார்த்தார், நல்ல பையன்" என்பதற்கு மேல் அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. இரண்டாவதாகக் கொடுத்த நண்பன், தெரியாத நம்பர் என்று போனையே எடுக்கவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை. இதுதான் காரணமா என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் எனக்காகப் பேச வேண்டிய இடத்தில் யாருமே பேசவில்லை என்பது பல நாள் மனதை அறுத்தது.

அடுத்த முறை, என் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் யார் யார் என்று முதலில் ஒரு தாளில் எழுதினேன். சொந்தக்காரர்கள் கிடையாது. இப்போதைய மேலாளரும் முடியாது, நான் வேலை தேடுவதே அவருக்குத் தெரியாது. எஞ்சியவர்களில் முதல் பெயர் பழைய டீம் லீட் மேடம். அவர் அந்த நிறுவனத்தை விட்டே போய்விட்டார். அது ஒரு குறையே இல்லை, என்னை இரண்டு வருடம் தினமும் பார்த்தவர் அவர்தானே.

போன் செய்து கேட்டேன். "கொடுப்பா, ஆனா என்ன வேலை, அதுல என்ன எதிர்பார்க்கிறாங்க?" என்றார். அன்று மாலையே வேலை விளம்பரம், என் ரெஸ்யூமே, சேர்ந்து செய்த வேலைகளைப் பற்றி நாலு வரி, எல்லாம் அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"முக்கியமானதை விட்டுட்டியே. வாடிக்கையாளருக்குப் போன ரிப்போர்ட்ல தப்பு இருக்குன்னு நீயே கண்டுபிடிச்சு, ராத்திரி பதினோரு மணிக்கு எனக்குப் போன் பண்ணினே. அதைத்தான் சொல்லப் போறேன்."

நான் மறக்க நினைத்த இரவு அது. தப்பு என்னுடையது. அதை அவர் இத்தனை நாள் வேறு மாதிரி நினைவில் வைத்திருந்தார்.

அப்புறம், "குறை என்னன்னு கேட்டா, உதவி கேட்கத் தயங்குவான்னு சொல்லுவேன். மறைக்க மாட்டேன், சரியா?" என்றார். சரி என்றேன். அப்படிச் சொல்லக்கூடியவர் பாராட்டினால்தான் அந்தப் பாராட்டுக்கும் மதிப்பு.

இரண்டாவது பெயருக்கு ஒருவரைக் கேட்டபோது, "பார்க்கலாம்" என்று இழுத்தார். வற்புறுத்தவில்லை. குரலில் தயக்கம் தெரிந்தால் அங்கேயே விட்டுவிடுவது நல்லது. அரை மனதோடு பேசுபவர் போனில் நம்மைக் கவிழ்த்துவிடுவார். இன்னொரு அணியில் என்னோடு சேர்ந்து வேலை பார்த்தவர் உடனே ஒப்புக்கொண்டார்.

நம்பர்களை ரெஸ்யூமேயில் அச்சிடவில்லை, கேட்டபோது மட்டும் கொடுத்தேன். முதலில் மெயில் அனுப்பி நேரம் குறித்துக்கொண்டு கூப்பிடும்படி ஹெச்ஆரிடம் கேட்டுக்கொண்டேன். எந்த நிறுவனம், எந்த வாரம் என்று இரண்டு பேருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்தேன்.

மேடத்திடம் இருபது நிமிடம் பேசியிருக்கிறார்கள். எவ்வளவு காலம் பழக்கம், ஏன் விலகினான் என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியாக, "மறுபடி இவரை வேலைக்கு எடுப்பீர்களா?" என்று கேட்டார்களாம். "நாளைக்கே" என்றாராம்.

ஆஃபர் வந்ததும் வீட்டுக்கு அடுத்தபடியாக அவருக்குத்தான் சொன்னேன். சேர்ந்து ஒரு மாதம் கழித்து அவரிடமிருந்து மெசேஜ்: "அங்கே தயங்காம உதவி கேட்கிறியா?"

"இன்னிக்குக் காலையில்கூடக் கேட்டேன் மேடம்" என்று பதில் போட்டேன்.