நாயோடு கொழும்பில் வாடகை வீடு: நாங்கள் பட்ட பாடு

கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்த வீட்டை உரிமையாளர் விற்கப்போவதாகச் சொன்னதும் வெள்ளவத்தைப் பக்கம் வீடு தேடத் தொடங்கினோம். வாடகை, முற்பணம், தண்ணீர், பார்க்கிங் எல்லாம் சுமுகமாகப் பேசி முடியும். "எங்களிடம் ஒரு நாய் இருக்கிறது" என்றதும் எதிர்ப்பக்கம் குரல் மாறிவிடும். "சாமியறை இருக்கிற வீடு, சரிவராது" என்று சிலர் மரியாதையாகச் சொன்னார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. ஒருவர் மட்டும், "வயசான நாய்தானே, எங்கயாவது விட்டிட்டு வாங்கோவன்" என்றார். ரோஸி தெருவில் கிடந்து நாங்கள் எடுத்து வளர்த்த குட்டி. அந்த வார்த்தை இன்னும் உறுத்துகிறது. அதற்குப் பிறகு போன் எடுத்தவுடனேயே நாயைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசினோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள், பாதி அலைச்சல் மிச்சம்.

கடைசியில் ஒரு தொடர்மாடியில் வீடு கிடைத்தது. உரிமையாளர் கனடாவில். வாட்ஸ்அப்பில் பேசினோம், நாய் பற்றித் தெளிவாகச் சொன்னோம், அவரும் ஓம் என்றார். "ஓனரே ஓம் என்டிட்டார், இனி ஒரு பிரச்சினையும் இல்லை அக்கா" என்றார் புரோக்கர்.

பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

வீட்டை இன்னொரு முறை அளந்து பார்க்கப் போனபோது கீழே காவலாளி, "இந்த பில்டிங்கில நாய் வளர்க்க ஏலாது" என்றார். மேலே நிர்வாகக் குழுவின் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே இருந்தவர் முகம் நிமிர்ந்து பார்க்காமலே, "ரூல் இருக்கு" என்றார். அந்த விதியைக் காட்டுங்கள் என்று கேட்டால், செயலாளர் இல்லை, நாளைக்கு வாருங்கள். அடுத்த நாள் போனால் கோப்பு அவர் வீட்டில். வேலைக்கு லீவு போட்டுவிட்டு மூடின கதவுக்கு முன்னால் நின்றதும் உண்டு.

இடையில் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் கேட்டோம். 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தில் வளர்ப்புப் பிராணி பற்றி ஒரு வரியும் கிடையாது. வைத்திருக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. அயலாருக்குத் தொல்லை கொடுப்பது மட்டும் வெளியேற்றக் கேட்பதற்கான காரணங்களில் ஒன்றாக இருக்கிறது. ஆகவே நாய் விஷயத்தில் குடியிருப்பவரின் உரிமை என்று நாம் நினைப்பதெல்லாம் உடன்படிக்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். தொடர்மாடி என்றால் உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது. 1973ஆம் ஆண்டின் தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் அமையும் முகாமைக் கூட்டுத்தாபனத்தின், அதாவது அந்தக் கட்டடத்து வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த அமைப்பின், துணைவிதிகளையும் பார்க்க வேண்டும். "வாய்ப்பேச்சை விடுங்கோ, விதியின்ர பிரதியை உரிமையாளரைக் கொண்டு கேட்பியுங்கோ" என்றார் அவர்.

இந்த ஒரு ஆலோசனை எல்லாவற்றையும் மாற்றியது. நாங்கள் கேட்டால் இல்லாத கோப்பு, உரிமையாளர் மின்னஞ்சல் அனுப்பியதும் வந்துவிட்டது. வாசித்துப் பார்த்தால் நாய்க்குத் தடையே இல்லை! மற்றவர்களுக்குத் தொல்லை தரும் பிராணிகளை வைத்திருக்கக் கூடாது, பொது இடங்களில் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைச் செயலாளரிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "சரி, சாமான் ஏற்றுற லிஃப்டில கொண்டு போங்கோ" என்றார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அப்புறம் நொத்தாரிசு, அதாவது உறுதிப்பத்திரம் எழுதி அத்தாட்சிப்படுத்துபவர். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுத வேண்டும். வரைவு ஆங்கிலத்தில் இருந்தது. கையெழுத்து வைக்கச் சொல்லிப் பேனாவையும் தந்துவிட்டார்கள். நான் வரிவரியாக வாசித்தேன். நடுவில் ஒரு வாசகம்: இந்த வீட்டில் எந்தப் பிராணியும் வைத்திருக்கக் கூடாது. "இது எல்லாருக்கும் போடுறதுதான், யாரும் பார்க்க மாட்டினம்" என்றார் நொத்தாரிசு. உரிமையாளருக்குப் பதிலாகக் கையெழுத்து வைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தோடு வந்திருந்த அவருடைய தம்பியோ, நாய் பற்றித் தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். கனடாவில் அப்போது நடுச்சாமம், போன் எடுக்கவில்லை. கையெழுத்து வைக்காமலே எழுந்து வந்தோம். புரோக்கருக்கு முகம் கறுத்துப்போனது. இருக்கட்டும். அந்த வாசகத்தோடு கையெழுத்து வைத்திருந்தால், நாளைக்கு யாராவது ஒருவருக்கு மனம் மாறியதும் முற்பணத்தையும் இழந்து தெருவில் நிற்க வேண்டியதுதான்.

இரவு உரிமையாளர் எடுத்தார், தம்பியிடம் அவரே பேசினார். பிராணித் தடை வாசகத்தை வெட்டிவிட்டு, ஒரு நாய் வைத்திருக்கலாம், அதனால் வரும் சேதத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பு என்று எழுதுவித்தோம். நாய்க்கென்று தனியாக ஒரு தொகை கேட்டார்கள். கொடுத்தோம், ஆனால் சேதமில்லாவிட்டால் திருப்பித் தரவேண்டும் என்பதையும் அதிலேயே போடச் சொன்னோம். மற்றபடி வீடு மாறியது ஒரே நாளில் முடிந்தது.

நீங்கள் போவதாக இருந்தால் விசர்நாய்த் தடுப்பூசி அட்டையையும் மாநகர சபைப் பதிவையும் முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாய்களைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது, ஆனால் பலர் செய்வதில்லை. அட்டையைக் கண்டதும் செயலாளரின் பேச்சே மாறியதை நான் பார்த்தேன். சாமான் இறக்குவதற்கு முன் கதவுகளையும் தரையையும் திகதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். பழைய கீறலுக்கெல்லாம் உங்கள் நாயின் பெயர் விழக்கூடாது. ஒரு வருடம் முடிந்து புதுப்பிக்கும்போதும் அந்தப் பழைய வரைவைத்தான் மறுபடி நீட்டுவார்கள். அப்போதும் முழுவதையும் வாசித்துவிட்டே கையெழுத்து வையுங்கள்.