முதல்ல லாரி கிளம்பட்டும்

"இதைத் திரும்ப எப்பண்ணா மூடுவோம்?" என்று, நான் திறந்துவிட்ட பாதுகாப்புப் பூட்டுகளைப் பற்றி என்னோடு வேலை பார்த்த பையன் கேட்டான். "முதல்ல லாரி கிளம்பட்டும்" என்றேன். பேச்சு அவ்வளவுதான்.

2021-இல், எங்கள் சர்வர் நிரலை ஓட்டும் ஜாவா 8-இன் 291-ஆவது அப்டேட்டைப் போட்ட மறுநாள் காலை, கிடங்கில் ஒரு பார்கோடு ஸ்கேனரும் எங்கள் சர்வரோடு பேசவில்லை. பிரவுசரில் எல்லாம் ஒழுங்காக வந்தது. அதனாலேயே, ஸ்கேனர்தான் சர்வரின் சான்றிதழை ஏற்கவில்லையோ என்று சந்தேகப்பட்டு ஒரு மணி நேரம் அது இருக்கும் கோப்பான கீஸ்டோரைக் கிண்டிக்கொண்டிருந்தேன். இணைப்பு தொடங்கும்போது இரு பக்கமும் பேசிக்கொள்வதைக் காட்டும் ஹேண்ட்ஷேக் டீபக்கை முதலிலேயே போட்டிருக்க வேண்டும். போட்டதும் தெரிந்துவிட்டது. அந்தக் கிழட்டு ஸ்கேனர்களுக்கு இணைப்பைப் பூட்டிப் பாதுகாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையில் 1999-இல் வந்த 1.0 தவிர வேறொன்றும் தெரியாது. அப்டேட்டோ அதையும் 1.1-ஐயும் ஜாவாவின் தடைப் பட்டியலில் சேர்த்திருந்தது.

பட்டியலிலிருந்து எடுத்தேன். இப்போது வேறு புகார்: இரு பக்கத்துக்கும் பொதுவான சைஃபர், அதாவது மறையாக்க முறை, இல்லையாம். எங்கள் நிரலுக்குள் உட்கார்ந்திருந்த ஜெட்டி என்ற வெப் சர்வர், பெயர் எஸ்எச்ஏ என்று முடியும் சைஃபர்களைத் தானாகவே விலக்கிவிடும். ஸ்கேனரிடம் இருந்ததெல்லாம் அந்த வகைதான். விலக்குப் பட்டியலில் தேவையானதை மட்டும் எடுத்திருக்கலாம். மொத்தமாகக் காலி செய்தேன். ஸ்கேனர் பீப் அடித்தது.

அவன் கேட்டது அந்த நேரத்தில்தான். ஒரு பூட்டு என்றால் சரி, ஜாவா, ஜெட்டி என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பூட்டி வைத்திருந்ததை உடைக்கும்போதாவது கை கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டாமா?

ஸ்கேனருக்குத் தனி போர்ட் வைக்கலாமே என்றும் கேட்டான். ஜெட்டியில் ஒவ்வொரு போர்ட்டிலும் இணைப்பை வாங்கும் கனெக்டருக்குத் தனித்தனி விதி வைக்க முடியும். ஒவ்வொரு ஸ்கேனரிலும் போர்ட்டைக் கையால் மாற்ற வேண்டும் என்று மறுத்தேன். நியாயமான காரணம்தான், வாசலில் லாரிகள் நின்றன. ஸ்கேனரை அப்படியே விட்டுவிட்டு பிரவுசர்காரர்களைப் புது போர்ட்டுக்கு அனுப்பியிருக்கலாம் என்பது ராத்திரி பைக்கில் வீட்டுக்குப் போகும்போது தோன்றியது. மறுநாள் அவனிடம் சொல்லவில்லை.

உள் நெட்வொர்க்தானே என்று இன்றும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அது கொரோனா காலம். மேலாளர்கள் வீட்டிலிருந்து அதே சர்வருக்குள்தான் வந்தார்கள்.

விலக்குப் பட்டியலைக் காலி செய்த அந்த வரிக்கு மேலே அவன் 'தற்காலிகம்' என்று தேதி போட்டு எழுதி வைத்தான். நான் வேலையை விட்டு வரும்வரை வரியும் இருந்தது, தேதியும் இருந்தது. அவன் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் மூடியிருப்பேன் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.