20ஆம் தேதிக்கு முந்தைய இரவுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறு வணிகர்களுக்கு வரிக்கணக்கு எழுதித் தருவது என் தொழில். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து என் மாதம் இரண்டு தேதிகளைச் சுற்றியே நகர்கிறது: விற்பனை விவரத்துக்கு 11, வரி கட்டும் படிவத்துக்கு 20. சென்ற ஆண்டு ஒரு மாதத்தில் நான்கு கடைகளின் படிவங்களை 26ஆம் தேதிதான் தாக்கல் செய்தேன். நாளொன்றுக்கு 50 ரூபாய் வீதம் நான்கு கடைகளுக்கும் ஆறு நாள் தாமதக் கட்டணம் 1,200 ரூபாய்; அதற்கு மேல் வட்டி. இரண்டையும் என் கையிலிருந்தே கட்டிவிட்டு, கேட்டவர்களிடம் ஜி.எஸ்.டி. இணையதளம் வேலை செய்யவில்லை என்று சொன்னேன். தளம் நன்றாகவே வேலை செய்தது. 18ஆம் தேதி இரவு பத்து மணிக்கு, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு வேலையில் உட்காரலாம் என்று கைபேசியை எடுத்தவன், பால்காரர் மணியடித்தபோதுதான் நிமிர்ந்தேன். அடுத்த இரவுகளும் அப்படியே போயின.

நான் பார்த்தவற்றில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவே என்னை நெடுநாள் ஏமாற்றியது. சமையல், பழைய நகைச்சுவைக் காட்சிகள், முன்பின் தெரியாத ஒருவர் கிணற்றில் தூர் வாருவது, இவ்வளவுதான். குடி இல்லை, சூதாட்டம் இல்லை, கடன் இல்லை. ஆகவே நோயும் இல்லை என்று தீர்ப்பெழுதி வைத்திருந்தேன். கைபேசியே காட்டிய கணக்குப்படி நாளொன்றுக்குச் சராசரியாக ஆறே முக்கால் மணி நேரம். அதில் தொழிலுக்கானது ஒரு மணி நேரம்கூடத் தேறவில்லை. செயலிகளை நீக்கிப் பார்த்தேன். மூன்றாம் நாள் அவற்றையே உலாவி வழியாகத் திறந்துகொண்டிருந்தேன்.

தாமதக் கட்டணத்தின் உண்மைக் காரணம் மனைவிக்குத் தெரியவந்த இரவில், அவர் சண்டை போடவில்லை. 14416 என்ற எண்ணை அழைத்து, போனை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் இலவச மனநல ஆலோசனை எண் அது, தமிழிலேயே பேசினார்கள். மறுமுனையில் இருந்தவர் தூக்கம், பசி, குடிப்பழக்கம், உயிரை விடும் எண்ணம் உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். கடலூரில் பார்த்தால் காத்திருப்போர் வரிசையில் என் வாடிக்கையாளர் எவராவது உட்கார்ந்திருப்பார் என்ற கூச்சத்தால் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறினேன். அந்தக் கூச்சம் தேவையற்றது என்று இப்போது தெரிகிறது. ஆனால் அன்று அது மட்டுமே வழியாகத் தோன்றியது.

என் நோய்க்குப் பெயர் என்ன என்று முதலில் கேட்டேன். மருத்துவர் சிரித்தார். இணைய அடிமைத்தனம் என்ற சொல்லை 1995இல் நியூயார்க் மனநல மருத்துவர் இவான் கோல்ட்பெர்க் கேலிக்காகவே எழுதினார் என்றும், மறு ஆண்டே கிம்பர்லி யங் என்ற உளவியலாளர் அதை மெய்யான சிக்கலாக எடுத்துக்கொண்டு ஆய்வறிக்கை அளித்தார் என்றும் சொன்னார். உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் இருப்பது வீடியோ கேம் அடிமைத்தனம்தான். காணொளி பார்த்தே இரவைத் தொலைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அதில் தனிப்பெயர் இல்லை. பெயர் இல்லாததால் துன்பம் இல்லை என்று ஆகாது என்றார். யங் வகுத்த 20 கேள்விகளுக்கு விடையளித்தபோது 100க்கு 63 வந்தது. அந்த எண்ணை நான் மதிப்பெண் பட்டியல் போல வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்க, அவரோ அதை ஓரமாக வைத்துவிட்டு மனச்சோர்வும் பதற்றமும் உண்டா என்று அரை மணி நேரம் விசாரித்தார். பலருக்கு அவைதான் அடியில் இருக்குமாம். அவற்றுக்கு மருந்து உண்டு, இதற்கென்று தனி மருந்து இல்லை. எனக்கு மாத்திரை எழுதவில்லை.

கைபேசியைப் பிடுங்கிக்கொள்வார் என்று எதிர்பார்த்துப் போனவன் நான். வரித் தளத்தில் நுழைய ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) வருவது அதில், ரசீதுகள் வருவது அதில். முழுவதும் விட்டுவிட்டால் பிழைப்பு போய்விடும். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கைபேசியைக் கையில் எடுப்பதற்கு முந்தைய ஒரு நிமிடத்தில் என்ன நடந்தது, மனத்தில் என்ன இருந்தது என்பதை ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். ஊரார் கணக்கை எல்லாம் எழுதுகிறவனுக்கு இது கடினமா என்று நினைத்தேன். பேரேட்டுத் தாளில் நேரம், நிகழ்வு, மனநிலை, கழிந்த நிமிடம் என நான்கு பத்திகள் கோடிட்டேன். முதல் வாரத்தில் 94 பதிவுகள். முதல் இரண்டு நாள் ‘சும்மா’, ‘சலிப்பு’ என்றே எழுதியிருக்கிறேன், அது கள்ளக்கணக்கு. மூன்றாம் நாளிலிருந்து கை உண்மையை எழுதத் தொடங்கியது.

வார இறுதியில் கூட்டிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்ட பதிவுகளுக்கு முன்னால் மூன்றே மூன்று வாடிக்கையாளர்களின் ரசீதுப் பைகள் இருந்தன. மூவருக்கும் முன்பு நான் ஏதோ ஒரு பிழை செய்திருந்தேன். சரக்கு வாங்கும்போது கட்டியதைப் பின்னர் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரியைத் தவறாக எடுத்தது, ஒரு ரசீதை இருமுறை ஏற்றியது போன்றவை. பையைத் திறந்தால் பிழை வெளிப்படும் என்ற அச்சம் எழும், எழுந்ததும் கட்டைவிரல் திரையைத் தள்ளும், அச்சம் அடங்கும். எந்தக் காணொளி பிடிக்கும் என்று முன்கூட்டித் தெரியாததால்தான் விரல் நிற்பதில்லை என்றும், எப்போது கிடைக்கும் என்று தெரியாத தீனிக்காகப் புறாக்கள் ஓயாமல் கொத்திக்கொண்டே இருந்ததை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் சோதனையில் கண்டார் என்றும் மருத்துவர் விளக்கினார். புறாவுக்கு வேண்டியது தீனி. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பையைத் திறக்காமல் இருக்க ஒரு சாக்கு.

அதன் பிறகு செய்தவை மிக எளியவை. அஞ்சும் பையைக் காலையில் முதல் வேலையாக 25 நிமிடம் திறப்பது. கடவு எண்ணுக்கு ஒரு பட்டன் போன். வாட்ஸ்அப் அலுவலகக் கணினியில் மட்டும், பதினொன்றுக்கும் நான்குக்கும். நேரு வீதியில் வாங்கிய அலாரம் கடிகாரம் படுக்கையறைக்கு, கைபேசி கூடத்துக்கு. இரவில் அதை மனைவியிடம் ஒப்படைத்துவிடலாமா என்று கேட்டபோது அவரே மறுத்துவிட்டார். “ஏங்க, என்னைக் காவல்காரி ஆக்கிட்டா அப்புறம் எங்கிட்டயும் பொய் சொல்லுவீங்க” என்றார். மருத்துவரும் அதையே சொன்னார்.

இவற்றைவிடக் கடினமாக இருந்தது பேருந்துப் பயணம். புதுச்சேரிப் பேருந்தில் ஏறியது முதல் வழியில் வரும் கன்னியக்கோயில் வரை கைபேசியைப் பையிலிருந்து எடுக்கக் கூடாது என்பது பயிற்சி. ஆசை மேலெழும், அதை அடக்காமலும் அதற்கு இணங்காமலும் கவனித்தால் தானாக இறங்கும் என்றார் மருத்துவர். முதல் முறை ரெட்டிச்சாவடி தாண்டுவதற்குள் உள்ளங்கை வியர்த்துவிட்டது. நான்காம் முறை, கன்னியக்கோயிலையும் தாண்டி அரியாங்குப்பம் பாலத்தில் ஏறியபோதுதான் கைபேசியின் நினைவு வந்தது.

ஜூலையில் வருமான வரிக் கணக்குகள் குவிந்தபோது ஐந்து இரவுகள் பழையபடி போயின. பேரேட்டில் அந்த ஐந்து நாள் வெற்றிடம். எழுதாமல் விட்டதுதான் அந்தச் சறுக்கலின் தொடக்கம் என்று மருத்துவர் காட்டினார். திட்டவில்லை; ஆறாம் நாளிலிருந்து எழுதச் சொன்னார். அந்த மூன்று வாடிக்கையாளர்களில் இருவரிடம் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திக் கொடுத்துவிட்டேன். ஒருவர் கணக்கை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார். மூன்றாமவரின் பை இன்னும் மேசைக்கடியில் இருக்கிறது. சென்ற வாரப் பதிவுகள் 17இல் ஒன்பது அதன் பேரில்தான். நாளைக் காலை அவர் முதுநகரிலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.