வரவேற்பறைக்குள் வியோலெட்டா

இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ‘லா த்ராவியாட்டா’ என்ற ஓபராவில், அதாவது இசை நாடகத்தில், வெட்டவெளிக் காட்சி ஒன்றுகூடக் கிடையாது. பாரிஸில், காசநோயால் சாகும் நாயகி வியோலெட்டாவின் விருந்துக் கூடம், ஊருக்கு வெளியே ஒரு வீடு, தோழி ஃப்ளோராவின் மாளிகை, கடைசியில் நோயாளியின் படுக்கையறை. எல்லாமே நான்கு சுவருக்குள் நடப்பவை. எழுபது பேர் உட்காரும் கூடத்தில் ஓர் இத்தாலிய ஓபராவைப் போட வேண்டுமென்று யார் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்வோம். 1853 மார்ச் 6 அன்று இது முதன்முதலில் அரங்கேறிய வெனிஸிலேயே, கால்வாயோரப் பழைய மாளிகையில், அங்கம் மாறும்போது பார்வையாளர்களும் அறை மாறிப் போகும்படி இதை நடத்தும் வழக்கம் இருக்கிறது.

சின்ன இடம்தானே, குரலைக் குறைத்துப் பாடினால் போதும் என்று நினைத்து வரும் பாடகர்கள் முதல் வார ஒத்திகையிலேயே திணறுவார்கள். ஓபராக் குரல் மைக் இல்லாமல் பெரிய ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பல வருடம் பழக்கப்பட்ட குரல். அதன் பலம் ஏறக்குறைய 3000 ஹெர்ட்ஸ் பக்கம் திரண்டு நிற்கும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அதே பகுதியில்தான். பெரிய அரங்கில் அந்தத் திரட்சிதான் பாடகரைக் காப்பாற்றுகிறது. வரவேற்பறையில், ஒரு மீட்டர் தூரத்தில், உச்ச சுரம் 100 டெசிபலைத் தாண்டிவிடும். முன்வரிசையில் இருப்பவருக்குக் காது வலிக்கும். அதற்குப் பயந்து மூச்சின் பிடியைத் தளர்த்தினால் சுருதி கீழே சரியும், வார்த்தை குழறும், அரை மணி நேரத்தில் தொண்டை களைத்துவிடும். மூச்சுப் பிடி பெரிய அரங்கில் இருந்த அளவே இருக்க வேண்டும். சத்தம் மட்டும் குறைய வேண்டும். அதாவது உண்மையான பியானிசிமோ. இதைக் கற்றுக்கொள்வது உரக்கப் பாடக் கற்றுக்கொள்வதைவிடக் கடினம்.

நல்லவேளையாக, வெர்டி இந்த ஓபராவின் தாள்கள் முழுக்க அப்படிப்பட்ட மென்மைக் குறிகளைத் தாராளமாகப் போட்டிருக்கிறார். மூன்றாம் அங்கத்தில் வியோலெட்டா பாடும் ‘அத்தியோ தெல் பஸ்ஸாத்தோ’வின் கடைசி சுரத்தை நூலிழைக் குரலில் முடிக்கும்படி கேட்கிறார். பெரிய அரங்கில் அந்தக் குறியை அப்படியே பின்பற்றினால் பின்வரிசைக்கு எட்டுமோ என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். இங்கே அந்தப் பயம் இல்லை. முதல் அங்கத்தின் முடிவில், வியோலெட்டாவின் ‘செம்ப்ரே லிபெரா’ பாட்டில் பலரும் பாடும் உச்ச ஈ-பிளாட் சுரம் வெர்டி எழுதியதே அல்ல, பின்னால் வந்த மேடை மரபு. சின்ன அறையில் அதை விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. பாடியே தீர வேண்டும் என்றால், அறையின் நீண்ட மூலையை நோக்கி, தலைகளுக்கு மேலே குரலை அனுப்ப வேண்டும். உச்ச சுரம் பாடும்போது மூன்று மீட்டருக்குள் நேர் எதிரே யாரும் இல்லாதபடி நாற்காலிகளை முதலிலேயே வளைத்துப் போட்டுவிட வேண்டும்.

இசைக்குழுவுக்கு வருவோம். பியானோ ஒன்றை மட்டும் வைத்து நடத்தலாம். ஆனால் இந்த ஓபராவின் முதல் நிமிடமே அதற்கு ஒத்துழைக்காது. முன்னிசை பல பிரிவுகளாகப் பிரிந்த வயலின்கள் மேல் ஸ்தாயியில் இழுத்துப் பிடிக்கும் சுரக்கோவைகளில் தொடங்குகிறது. பியானோவில் அடித்த சுரம் அடித்த கணத்திலிருந்தே தேயத் தொடங்கும். நோயாளியின் மூச்சுப் போல நீள வேண்டிய இசை, தட்டித் தட்டி நடக்கும். குறைந்தது வயலின், வியோலா, செல்லோ மூன்றும் பியானோவோடு வேண்டும். பாடகர் பயிற்சிக்கான பியானோ சுருக்கத்தை அப்படியே வாசிக்கவும் கூடாது. அதிலுள்ள ட்ரெமொலோக்கள் ஆர்கெஸ்ட்ராவில் தந்திகளின் நடுக்கம். பியானோவில் அவை தகரத்தில் ஆணி கொட்டியது போல ஆகிவிடும். அவற்றைத் தந்திகளுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, பியானோ அடித்தளத்தையும் ஊதுகருவிகளின் பகுதியையும் எடுத்துக்கொள்ள வேண்டும். ‘அத்தியோ’வில் குரலோடு வரும் ஓபோ என்ற ஊதுகருவியின் பகுதியை வயலினுக்குக் கொடுத்தால் அது வியோலெட்டாவைப் பாடும் சோப்ரானோவின் (உயர்ந்த பெண்குரலின்) குரலுக்குள் கரைந்து போகும். வியோலாவின் மேல் தந்தியில் வாசித்தால் ஓபோவின் மெல்லிய மூக்கொலி ஓரளவுக்குக் கிடைக்கும். பியானோவின் மூடி குட்டைக் கம்பில் நின்றால் போதும்.

பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். காலையில் குளிர்ந்த வெற்று அறையில் சேர்த்த பியானோவும், எழுபது பேர் வந்து வெப்பமும் ஈரமும் ஏறிய அறையில் வயலினும் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிக்கும். நிகழ்ச்சியன்று அறை எந்தச் சூட்டில் இருக்குமோ அந்தச் சூட்டுக்குக் கொண்டுவந்து, விளக்குகளை எரியவிட்டுப் பிறகு சேர்ப்பதே சரி. ஒலியும் மாறும். வெற்று அறையில் எதிரொலித்த குரலை மனித உடல்களும் உடைகளும் உறிஞ்சிக்கொள்ளும். ஒத்திகையில் நாற்காலிகளின் மேல் கம்பளிகளைப் போட்டுவைத்தால் பாடகருக்கு அன்று இரவு அதிர்ச்சி இருக்காது.

இசைக்குழுவைக் கையசைத்து நடத்தும் கண்டக்டர் இல்லாததால் மூச்சுதான் சைகை. பாடகர் எடுக்கும் மூச்சு பியானோக்காரருக்குத் தெரிய வேண்டும். அவர் முதுகைக் காட்டி உட்கார நேர்ந்தால் பியானோவின் மேல் ஒரு சின்னக் கண்ணாடி வைத்தாக வேண்டும். மிகவும் சறுக்கும் இடம் ‘செம்ப்ரே லிபெரா’. வியோலெட்டா அறையில் தனியாகப் பாட, அவள் காதலன் ஆல்ஃப்ரெடோவின் குரல் வெளியிலிருந்து வருகிறது. ஆல்ஃப்ரெடோவைப் பாடும் டெனர் (உயர்ந்த ஆண்குரல் பாடகர்) பத்து மீட்டர் தள்ளி நடைபாதையில் நின்றால், பியானோ அவரை அடைய ஏறத்தாழ 30 மில்லிசெகண்ட், அவர் குரல் திரும்பி வர இன்னொரு 30. காதில் விழுந்த பிறகு பாடுகிறவர் எப்போதும் பிந்தியே இருப்பார். அதோடு, மூடிய கதவு பியானோவின் கூர்மையை வடிகட்டிவிடுவதால் சுருதியும் தாழும். கதவை ஒரு சாண் திறந்துவைத்து, பியானோக்காரரின் கை தெரியும் இடத்தில் டெனரை நிறுத்தி, கேட்பதைவிட்டுப் பார்த்துப் பாடச் சொல்ல வேண்டும்.

விருந்தினர்களாக வரும் கோரஸ் (பாடகர் கூட்டம்) இல்லாமல் விருந்து எப்படி? பார்வையாளர்களே விருந்தினர்கள். முதல் அங்கத்தின் குடிப்பாட்டான ‘லிபியாமோ’வுக்கு முன் அவர்கள் கையில் கோப்பை கொடுப்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனைதான். அந்தக் கோப்பையை எங்கே வைப்பது என்பதைத்தான் மறந்துவிடுவார்கள். அடுத்த இருபது நிமிடமும் யாராவது ஒருவர் காலில் தட்டிக் கண்ணாடி உருளும் ஓசை கேட்கும். பாட்டு முடிந்ததும் தட்டோடு இரண்டு பேர் வந்து வாங்கிக்கொண்டு போவதையும் காட்சியின் பகுதியாகவே ஒத்திகை பார்க்க வேண்டும். ஃப்ளோரா வீட்டு ஜிப்சி, மாத்தடோர் ஆட்டங்களை வெட்டலாம், நஷ்டமில்லை. ஆனால் ஆல்ஃப்ரெடோ எல்லோர் முன்னிலையிலும் பணப்பையை வியோலெட்டாவின் காலடியில் எறியும் இடத்தை எப்பாடு பட்டாவது காப்பாற்ற வேண்டும். பெரிய அரங்கில் அது கோரஸ் முன் நடக்கும் அவமானம். இங்கே உங்கள் முழங்காலுக்கு அருகில் நடக்கிறது. பையின் வாயைத் தைத்துவிட வேண்டும். நாணயம் சிதறினால் யாராவது குனிந்து பொறுக்கிக் கொடுப்பார்கள், காட்சி அங்கேயே செத்துவிடும்.

பொருள்களில் பொய் உடனே தெரிந்துவிடும். மூன்றாம் அங்கத்தில் வியோலெட்டா, ஆல்ஃப்ரெடோவின் தந்தை ஜெர்மோனின் கடிதத்தைப் பாடாமல் வாசிக்கிறாள். கீழே காதல் மெட்டு தந்தியில் ஓடுகிறது. வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. இரண்டு மீட்டருக்குள் இருப்பவர் தாளின் பின்புறம் மை ஊறித் தெரிகிறதா என்று பார்ப்பார். முழுக் கடிதமும் கையெழுத்தில், பருத்திக் காகிதத்தில் இருக்கட்டும். அது சரசரக்காது, நூறு முறை மடித்தாலும் கிழியாது. வாசிப்பு கிசுகிசுப்பாக இருக்கலாம். ‘ஏ தார்தி’, நேரம் கடந்துவிட்டது, என்ற வார்த்தைக்கு மட்டும் குரல் எழும்பினால் போதும். முதல் அங்கத்தில் அவள் கொடுக்கும் பூவுக்கு நிஜ கமேலியா வேண்டாம்; தொட்ட இடமெல்லாம் பழுப்பாகிவிடும். பட்டுப் பூ நல்லது. லில்லியை அறைக்குள்ளேயே விடக்கூடாது, மகரந்தமும் வாசனையும் தொண்டையைப் பிடிக்கும்.

அறைக்கு அறை போகும் அமைப்பென்றால் எழுபது பேர் ஒரு கதவு வழியே போய் உட்கார ஏழெட்டு நிமிடமாவது ஆகும் என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு ஒட்டுவது, மின்மெழுகுவர்த்தி, ஏசியை மூன்றாம் அங்கத்துக்கு முன் நிறுத்துவது, கதைச்சுருக்கத்தைப் புரட்டத் தேவையில்லாத ஒற்றைத் தாளில் அச்சடிப்பது எல்லாம் சின்ன வேலைகள். செய்யாமல் விட்டால் ஒவ்வொன்றும் ஒரு பியானிசிமோவைத் தின்றுவிடும்.

உடை உதவியாளருக்கும் இங்கே பங்குண்டு. பாடகி முழு மூச்சை இழுத்து விலா விரிந்து நிற்கும்போதுதான் இடுப்பை இறுக்கும் உள்கச்சையான கார்செட்டைக் கட்ட வேண்டும். மூச்சை வெளியே விட்டு நிற்கையில் இறுக்கினால் முதல் நீண்ட சொற்றொடரிலேயே மூச்சு முட்டும். இருமலும் அப்படித்தான். தொண்டையைக் கீறாமல், காற்றை மட்டும் தள்ளும் இருமலைப் பழகிக்கொள்ள வேண்டும். நிஜமாக இருமிவிட்டு யாராலும் ‘அத்தியோ’ பாட முடியாது.

கடைசியில் வலியெல்லாம் நின்றுவிட்டது என்று வியப்போடு எழுந்து நிற்கிறாள், பிறகு விழுகிறாள். முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில், ஆல்ஃப்ரெடோவின் கை தாங்க விழ வேண்டும். பெரிய அரங்கில் விழுவதோடு வேலை முடிந்தது. இங்கே இறந்தவள் மூச்சுவிடுவது தெரியும். உச்ச சுரம் பாடி முடித்த நெஞ்சு அரை நிமிடமாவது ஏறி இறங்கும், அதை யாராலும் அடக்க முடியாது. அதனால் முகம் ஆல்ஃப்ரெடோவின் தோளில் புதைந்திருக்கும்படி, முதுகு முன்வரிசைக்குத் தெரியும்படி, அவன் மேலங்கி விலாவை மறைக்கும்படி விழ வைக்கிறோம். பியானோக்காரர் கடைசிக் கோவைக்குப் பிறகும் பெடலிலிருந்து காலை எடுப்பதில்லை. விளக்கு அணைகிறது. அவள் மூச்சு சீராகும்வரை அந்த ஒலி இருட்டில் தேய்ந்துகொண்டே இருக்கும்.