இடப்பக்கம் மட்டும் அசையாத பால் பல்

மகளுக்கு 11 வயதில் கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைசிப் பால் பல் விழுந்து, புதுப்பல் முளைத்தது. இடப்பக்கத்தில் அதே பல் 8 மாதமாகியும் கல் மாதிரி நின்றது. தினமும் ராத்திரி விரலை விட்டு ஆட்டிப் பார்ப்பேன். "விடும்மா, வலிக்குது" என்பாள்.

முதலில் பார்த்த பல் டாக்டர், எக்ஸ்ரே எதுவும் எடுக்காமலே, "பிடுங்கிடலாம், கீழே இருக்கிறது தானா வந்துடும்" என்றார். கிட்டத்தட்டச் சரி என்றே சொல்லிவிட்டேன். ஏனோ மனசு ஒப்பவில்லை. குழந்தைகள் பல் மருத்துவர் ஒருவரிடம் போனோம்.

அவர் வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் காம்பால் அந்தப் பல்லைத் தட்டி, சத்தம் கேட்டார். எலும்போடு ஒட்டிப்போன பல் என்றால் சத்தம் வேறு மாதிரி இருக்குமாம், பக்கத்துப் பற்களைவிடத் தாழ்ந்தும் போகுமாம். இது இரண்டும் இல்லை. அப்புறம் முழுத்தாடை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். ஞானப் பல்லை விட்டுவிட்டால், பிறவியிலேயே உருவாகாமல் போவது பெரும்பாலும் இந்த இடத்துப் பல்தானாம். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

படத்தில் பல் இருந்தது! தலைப்பகுதி முழுசாக, வேர் மட்டும் பாதிகூட வளராமல். வலப்பக்கத்து வேரோ நீளமாக இறங்கியிருந்தது. ஒரே வாயில் இரண்டு வயசு. "இரண்டு பக்கமும் ஆறு மாசம் முன்னே பின்னே வரலாம். அதுக்கு மேல போனா வயசைப் பார்க்காதீங்க, வேரைப் பாருங்க" என்றார். வேர் முக்கால்வாசி வளர்ந்த நேரத்தில்தான் பல் ஈறைத் தாண்டி வரும். இப்போதே பால் பல்லைப் பிடுங்கினால் மேலே எலும்பு மூடி, வருவது இன்னும் தள்ளிப்போகும். பின்னாலிருக்கும் பெரிய கடைவாய்ப் பல் முன்னால் சாய்ந்து இடத்தையும் பிடித்துக்கொள்ளும். பால் பல் சொத்தையாகாமல் காப்பதுதான் எங்கள் வேலை என்றார்.

பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிவந்தோம். காத்திருப்பதுதான் கஷ்டம், விரலைக் கட்டிப்போட வேண்டியிருந்தது.

13 வயது பிறந்து சில வாரத்தில், சாப்பிடும்போது பல் தானாகக் கழன்றது. அடியில் வேரே இல்லை, குடைந்த ஓடு மாதிரி இருந்தது. "வேர் எங்கம்மா போச்சு?" என்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழே வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. கொஞ்சம் திரும்பித்தான் வந்திருக்கிறது. கிளிப் வேண்டுமா என்பதை அடுத்த முறை சொல்கிறேன் என்றிருக்கிறார்.