ஆகவே நாம் அனைவரும்

நம்ம ஸ்கூல் பழைய மாணவர் மலருக்கு மலர்க்குழு அக்கா வாட்ஸாப்ல கேட்டாங்க, ஸ்கூல் நினைவு ஏதாச்சும் எழுதிக்குடு, ரெண்டு பக்கம் போதும்னு. வேப்பமரம், ஸ்போர்ட்ஸ் டே, வாசல்ல விக்கிற நெல்லிக்கா, பிரேயர்ல மயங்கி விழுந்த கதை எல்லாம் எப்படியும் யாராச்சும் எழுதிருவீங்க. நான் நம்ம கையெழுத்துப் பத்திரிகையைப் பத்தி எழுதிடுறேன், எண்பதுகள்ல படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அது அச்சுல வந்ததில்ல, ஸ்டென்சில்ல கூட வந்ததில்ல. ஒரே ஒரு காப்பிதான். கையெழுத்து முத்து முத்தா இருக்குற பிள்ளைகளா பாத்து, கோடு போடாத புல்ஸ்கேப் தாளைக் குடுத்து எழுத வைப்பாங்க, டிராயிங் நல்லா வர்றவன் அட்டைப்படம் போடுவான், அப்புறம் கணக்கு நோட்டு பைண்ட் பண்ற கடையில குடுத்து தச்சு வாங்கி லைப்ரரியில வச்சிருவாங்க. கதை, கவிதை, விடுகதை, ஒரு சமையல் குறிப்பு (எப்பவும் கந்தரப்பம்தான், ஏன்னு இன்னிக்கு வரைக்கும் புரியல). கடைசியில நாலஞ்சு பக்கம் வெள்ளையா விட்டிருப்பாங்க, படிச்சவங்க அபிப்பிராயம் எழுத. நம்ம கதையை விட அந்தப் பக்கம்தான் ஜோரா இருக்கும்.

பொறுப்பு தமிழய்யாவுக்கு. வகுப்புல முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு தலைப்பு போட்டு எழுதச் சொல்லுவாரு, அது பரீட்சைக்கு. பத்திரிகைக்குன்னு குடுத்தா மொத வேலையா கடைசிப் பத்தியைச் சிவப்பு மையில ஒரே கோடா அடிச்சிருவாரு. "ஆகவே நாம் அனைவரும்"னு ஆரம்பிச்சிருந்தா படிச்சுக்கூடப் பாக்க மாட்டாரு. "படிக்கிறவுகளுக்குப் புத்தி இல்லையாத்தா? நீ சொல்லித்தான் தெரியணுமாக்கும்?" அம்புட்டுத்தான் விளக்கம். எனக்கு அப்ப கோவம் கோவமா வரும், ஏன்னா நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு அழகா எழுதுனது அந்தக் கடைசிப் பத்திதான்.

நாட்டரசன்கோட்டையில கம்பர் சமாதி மண்ணை எடுத்து பிள்ளை நாக்குல வச்சா தமிழ் வரும்னு நம்ம பக்கம் ஒரு நம்பிக்கை உண்டுல்ல, எனக்கும் வச்சாகளாம். அப்ப ஏன் அப்பத்தா இம்புட்டு சிவப்புக் கோடுன்னு கேட்டா, "நீதான் துப்பிட்டியே"ம்பாக.

நம்ம ஊர்ல பிறந்தா எழுத்துன்னாலே பெரிய பெரிய ஆளுக ஞாபகம்தான் வரும். 1919-ல பாரதி காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்தாரு, கையில கோலோட இருக்கிற அந்தப் படம் அப்ப எடுத்தது. சிறுகூடல்பட்டிக்காரரு கண்ணதாசனைப் பத்திக் கேக்கவே வேணாம். பங்குனியில கம்பன் விழா, 1939-ல சா. கணேசன் ஆரம்பிச்சது, அதுக்கு எங்களையும் தமிழய்யா கூட்டிட்டுப் போவாரு. ஒவ்வொருத்தரும் பேசப் பேச பந்தலே கைதட்டும். எனக்கு என்ன தோணும்னா, சபையில இப்படி நிக்கத் தெரிஞ்சவங்க, பின்னாடி மணிமண்டபம் கட்டுற அளவுக்கு ஆளானவங்க, அவங்களுக்குத்தான் எழுத்து, ரெட்டைச் சடைக்காரிக்கு இதுல என்ன சோலின்னு.

அந்த வருசம் தமிழய்யா சொன்னாரு, வீட்டுச் சாமான் ஒண்ணு தன் கதையைச் சொல்ற மாதிரி எழுதுங்கன்னு. வழக்கம்போல பாதிப் பேரு கிழிஞ்ச குடையைப் பேச வச்சாங்க. நான் எங்க ஐயாவோட (தாத்தாவைத்தான் ஐயாம்போம்) பர்மா பேரேட்டை எடுத்துக்கிட்டேன், அங்க கடன் குடுத்து வாங்குன கணக்குப் புத்தகம். செவப்புத் துணி அட்டை, நீளமா ஒடுக்கமா இருக்கும், மொதப் பக்கத்துல பிள்ளையார் சுழி, சிவமயம், அப்புறம் பக்கம் பக்கமா பற்று வரவு, எல்லாம் தமிழ் எண்ணுல. 1942-ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப கப்பல் கிடைக்காம நடந்து வந்த கூட்டத்துல ஐயாவும் ஒருத்தரு. உசுரு பிழைச்சா போதும்னு வர்றவரு இதை எதுக்குத் தூக்கிட்டு வந்தீகன்னு கேட்டேன். "கணக்கு முடியலையில்ல"ன்னாக.

பேரேட்ல மவுங் இன்னாரு, மா இன்னாருன்னு பர்மாக்காரங்க பேரா இருக்கும். மான்னு வந்தா பொம்பளைன்னு ஐயா சொல்லித்தான் தெரியும். அதுல ஒரு மாவோட பக்கத்துல பற்று மட்டும் வரிசையா இருக்கு, வரவுப் பக்கம் சுத்தமா காலி. ராத்திரி வளவுல தூணோரமா உக்காந்து, கரண்ட் போயிருச்சு, அரிக்கேன் வெளிச்சத்துல எழுதுறேன். பேரேடு சொல்லுது, இந்தம்மா எப்ப வருவா எப்ப வருவான்னு என் பாதிப் பக்கத்தைத் திறந்து வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன்னு. சரி, அப்புறம் ஐயா நடந்து வந்த கதைக்குப் போகணும்னு பிளான் பண்ணியிருந்தேன். ஆனா கை வேற எழுதுது: "அவளும் எங்கேயோ எனக்காகக் காத்திருக்காளோ என்னமோ, அவ விரல் ரேகை எங்கிட்டதானே இருக்கு"ன்னு. அந்தப் பக்கத்துல ரேகையே கிடையாதுங்க! நான் யோசிக்கவே இல்ல, எங்கிருந்து வந்துச்சுன்னும் தெரியல. வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். அப்பத்தா உள்ளேர்ந்து, "பொட்டப்புள்ளைக்கு நடுச்சாமத்துல என்னாத்தா சிரிப்பு?"ன்னு ஒரு சத்தம்.

இப்ப நெனச்சாலும் அதுதான் விசயம். மார்க்கு கிடையாது, பரிசு கிடையாது, ஒரு காப்பி பத்திரிகைக்கு என்ன பேரும் புகழும், லைப்ரரி வரிசையில நின்னு படிக்கிறவன்தான் வாசகன். ஆனா அந்த ஒரு வரி வந்த நிமிசம் இருக்கே, அதுக்கு மேல யாரும் எதுவும் தர வேண்டியதில்ல.

வெள்ளைப் பக்கத்துல எட்டாப்பு பையன் ஒருத்தன் எழுதியிருந்தான், "பேரேடு அழுததாகப் போட்டிருக்கிறீர்கள். அழுதால் மை கலைந்து கணக்கு போய்விடுமே". அதுக்குப் பிறகு எத்தனையோ விமர்சனம் படிச்சுட்டேன், இம்புட்டு கரெக்டா ஒண்ணு பாக்கல. அவன் யாருன்னு தெரியல, இதைப் படிச்சா கை தூக்குப்பா.

சிங்கப்பூர் வந்து கணக்கு வேலையிலேயே மாட்டிக்கிட்டேன், ஐயா பேத்தி வேற எங்க போவா. ரொம்ப நாள் எதுவும் எழுதல. நேஷனல் லைப்ரரியில பர்மாவைப் பத்தி ஒரு புத்தகம் கைக்கு வந்துச்சு. 1930 பக்கம் நெல் விலை விழுந்து கடனைக் கட்ட முடியாம சனங்க நிலத்தை விட்டாங்க, கீழ்ப்பர்மாவோட முக்கியமான நெல் ஜில்லாக்கள்ல செட்டியாருக கையில 1930-ல 6 சதவீதமா இருந்த நிலம் 1938-ல 25 சதவீதமாயிருச்சு. எனக்கு உடனே அந்தக் காலிப் பக்கம்தான் கண்ணுல வந்துச்சு. அந்த மா எதுக்குத் திரும்பி வரணும்? கழனியே போயிருக்கும். ஐயா கூட்டமும் பின்னாடி எல்லாத்தையும் விட்டுட்டு நடந்துதான் வந்தாங்க, ஆனா அது அவளுக்கு என்ன ஆறுதல்?

அதே கதையை அவ பக்கமிருந்து திரும்ப எழுத ஆரம்பிச்சேன். நிலத்தை எழுதிக்குடுக்க கிட்டங்கிக்கு, அதான் செட்டியாருக உக்காந்து லேவாதேவி பண்ற இடத்துக்கு, வர்றா. என்ன பேசுவான்னு எத்தனையோ ராத்திரி யோசிச்சும் பிடிபடல, அழுவா, கெஞ்சுவா, திட்டுவா, எல்லாம் சினிமா மாதிரியே வருது. ஒரு சனிக்கிழமை தேக்கா மார்க்கெட்ல மீனை வெட்டக் குடுத்துட்டு நிக்கிறேன், பொசுக்குன்னு வந்துச்சு, அவ பேசவே மாட்டா. உக்காந்து நிதானமா ஒரு சுருட்டைச் சுத்துவா. பர்மாப் பொம்பளைக சுருட்டு குடிக்கிறதை ஐயா கதை கதையா சொல்லியிருக்காக. சுத்துறா, பிரிக்கிறா, திரும்பச் சுத்துறா, அது முடியுற வரைக்கும் செட்டியாரு பேனாவை வச்சுக்கிட்டுக் காத்திருக்காரு. போன்ல தட்டி முடிக்கிறதுக்குள்ள மீன்காரரு நாலு தடவை கூப்பிட்டுட்டாரு.

ஆபிஸ் சிநேகிதிகிட்ட காமிச்சேன், இம்புட்டு சோகமா எழுதிட்டு சந்தோசமா இருக்கேங்கிறியே, உனக்கென்ன பைத்தியமான்னா. நியாயமான கேள்விதான். அவ நிலம் போறது எனக்கும் வலிக்குது, ஐயா முகம் வேற நடுவுல வருது. ஆனா அந்தச் சுருட்டு கிடைச்சப்ப, காணாமப் போன சாவி சட்டைப்பையிலேயே இருந்த மாதிரி ஒரு குதி குதிச்சேன்ல, ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, பிரிக்கத் தெரியல. அடிக்கிறதுலயும் அதே ருசி. பதினாலு பக்கம் எழுதுனது அடிச்சு அடிச்சு ஆறாச்சு, ஒவ்வொரு பத்தி போறப்பவும் கதை மூச்சு விடுது. யாரும் அழல அதுல, எட்டாப்பு பையன் புண்ணியம்.

எதுல வந்துச்சுன்னு எல்லாரும் கேக்குறாங்க. எதுலயும் வரல, மூணு பேரு படிச்சிருக்காங்க. இப்பல்லாம் எழுதுறதுக்கு முன்னாடியே எத்தனை லைக் விழும்னு பாக்குறோம், அது எனக்குச் சரிப்படல, அதுக்கு ரீல்ஸ் போடலாம்.

இன்னொண்ணு, பொங்கல் கெட்டுகெதருக்கு ஒரு கையெழுத்துப் பத்திரிகை போடலாமான்னு கேட்டேன், குழு சரின்னுருச்சு. ஒரு காப்பிதான், வீட்டுக்கு வீடு சுத்தி வரும், ஒரு வாரத்துக்கு மேல யாரும் வச்சுக்கக் கூடாது. நீல மையில, தாள்ல ஒரு பக்கம் மட்டும், இடது பக்கம் தைக்க இடம் விட்டு எழுதி நேர்ல குடுங்க. டைப் அடிச்சது வாங்க மாட்டேன், கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருந்தாலும் பரவாயில்ல. குடை பேசுற கதை ஏற்கனவே ரெண்டு வந்தாச்சு, தயவுசெஞ்சு மூணாவது வேணாம். அட்டைப்படம் போட மட்டும் இன்னும் ஆள் கிடைக்கல, நம்ம செட்ல டிராயிங் நல்லா போடுவானே, அவன் நம்பர் யார்கிட்டயாவது இருந்தா அனுப்புங்க.